ஆள் கூடினால் வேலை குறையுமா?

நான்கு ஆட்கள் ஒரு கிணற்றை 12 நாட்களில் வெட்டி முடிப்பார்கள். அதே கிணற்றை 6 ஆட்கள் எத்தனை நாட்களில் வெட்டி முடிப்பார்கள்? பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இதைச் செய்யாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். 4ஐ 12ஆல் பெருக்கினால் 48. அதை 6ஆல் வகுத்தால் 8. விடை 8 நாட்கள். ஆள் கூடக்கூட நாள் குறையும். இதைத் தலைகீழ் விகிதம் என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருப்பார்.

இந்த விகிதத்தை நம்பித்தான் பொறியாளர்கள் ஒரே கணிப்பொறிக்குள் பல செயலிகளை வைத்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு விந்தையான அனுபவம் காத்திருந்தது. செயலிகளைக் கூட்டியபோது சில வேளைகளில் வேலை விரைந்தது. சில வேளைகளில் நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் சில வேளைகளில், நம்புவதற்குக் கடினமாக இருக்கலாம், வேலை முடிய முன்னைவிட அதிக நேரம் ஆயிற்று! எந்தெந்தச் செயலிகளை ஒன்றாகச் சேர்ப்பது, எந்தப் பணியை எந்தச் செயலியிடம் எப்போது ஒப்படைப்பது என்ற கேள்விக்கு விடை காண அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சியின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

செயலியும் பணியும்

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கணிப்பொறியில் கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் முதலிய கட்டளைகளை உண்மையில் நிறைவேற்றும் உறுப்பே செயலி. நாம் அதனிடம் செய்யச் சொல்லும் வேலை ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் அதற்குப் பணி என்று பெயர். எந்தப் பணிக்கு எப்போது செயலி கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் மேற்பார்வையாளர் ஒருவரும் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் எனப்படும் இயக்க முறைமைதான் அந்த மேற்பார்வையாளர்.

செயலி ஒன்றே ஒன்று இருந்த காலத்தில் மேற்பார்வையாளரின் வேலை எளிது. ஒரே சமையற்காரர் நான்கு அடுப்புகளைக் கவனிப்பதுபோல, செயலி ஒரு பணியைச் சிறிது நேரம் கவனிக்கும், பிறகு அடுத்ததைச் சிறிது நேரம் கவனிக்கும். ஒரு நொடிக்குள் பல தடவை இப்படி மாறி மாறிக் கவனிப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதுபோல நமக்குத் தோன்றும். அடுத்து எந்தப் பணி என்ற ஒரே கேள்விக்கு மட்டும் விடை சொன்னால் போதும்.

1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனம் அந்நாட்டுக் கடற்படை ஆய்வுக்கூடத்துக்காக டி825 என்ற பொறியை உருவாக்கியது. இதில் நான்கு செயலிகள் வரை பொருத்தலாம். நான்கும் ஒரே நினைவகத்தைப் பொதுவாகப் பயன்படுத்தின. ஒன்று எசமான், மற்றவை ஏவலாட்கள் என்ற பாகுபாடு இல்லை. எந்தச் செயலி வேண்டுமானாலும் மேற்பார்வையாளரின் பொறுப்பை ஏற்கலாம். ஒரு செயலி பழுதானாலும் மற்றவை வேலையைத் தொடரும். பல செயலிகள் சரிசமமாக இயங்கிய முன்னோடிப் பொறிகளுள் இது ஒன்று.

இப்போது மேற்பார்வையாளரின் கேள்வி இரண்டாகிவிட்டது. அடுத்து எந்தப் பணி? அதை எந்தச் செயலியிடம் தருவது? ஒரு கேள்விதானே கூடியிருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். அந்த ஒரு கேள்வி என்ன பாடு படுத்தியது என்று பாருங்கள்.

கிரகாமின் புதிர்க் கணக்கு

ரொனால்ட் கிரகாம் (1935-2020) பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கணித அறிஞர். பந்துகளை மேலே வீசிப் பிடிக்கும் வித்தையிலும் வல்லவர். அந்த வித்தைக்காரர்களின் பன்னாட்டுச் சங்கத்துக்கே ஒருமுறை தலைவராக இருந்தார். கையில் இருப்பதைவிட அதிகமான பந்துகளை எந்த வரிசையில் எறிவது என்பதை நன்கறிந்த அவர், 1966இல் செயலிகளுக்கு வேலை பங்கிடுவது பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அவர் காட்டிய கணக்கு ஒன்றை நாமே செய்து பார்க்கலாம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 9 வேலைகள். முதல் வேலைக்கு 3 மணி நேரம் ஆகும். 2, 3, 4ஆம் வேலைகளுக்குத் தலா 2 மணி. 5, 6, 7, 8ஆம் வேலைகளுக்குத் தலா 4 மணி. 9ஆம் வேலைக்கு 9 மணி. இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதல் வேலை முடிந்த பிறகே 9ஆம் வேலையைத் தொடங்கலாம். 4ஆம் வேலை முடிந்த பிறகே 5, 6, 7, 8ஆம் வேலைகளைத் தொடங்கலாம். வேலை பங்கிடும் விதி மிக எளியது. ஓர் ஆள் ஓய்ந்ததும், தொடங்கத்தக்க வேலைகளில் பட்டியலில் முன்னால் உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டும். செய்யத்தக்க வேலை இருக்கும்போது யாரும் சும்மா இருக்கக் கூடாது. இதைவிட நியாயமான விதி இருக்க முடியுமா?

முதலில் 3 ஆட்களை அமர்த்துவோம். அவர்கள் 1, 2, 3ஆம் வேலைகளை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் மணியில் இருவர் ஓய்கின்றனர். ஒருவர் 4ஆம் வேலையை எடுக்கிறார். மற்றவருக்குத் தகுந்த வேலை இல்லாததால் காத்திருக்கிறார். மூன்றாம் மணியில் முதல் வேலை முடிகிறது. உடனே ஒருவர் நீண்ட 9ஆம் வேலையைத் தொடங்குகிறார். அது 12ஆம் மணியில் முடியும். நான்காம் மணியில் 4ஆம் வேலை முடிந்ததும் மற்ற இருவரும் 5, 6ஆம் வேலைகளை எடுத்து 8ஆம் மணியில் முடிக்கிறார்கள். பிறகு 7, 8ஆம் வேலைகளையும் 12ஆம் மணியில் முடிக்கிறார்கள். ஆக மொத்தம் 12 மணி நேரம்.

இப்போது இன்னும் ஓர் ஆளைச் சேர்த்து 4 ஆட்கள் ஆக்குவோம். மொத்த வேலை 34 மணி. பள்ளிக் கணக்குப்படி நால்வருக்குப் பங்கிட்டால் எட்டரை மணி. நடப்பது என்ன? தொடக்கத்திலேயே 1, 2, 3, 4 ஆகிய வேலைகளை நால்வரும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் மணியிலேயே 4ஆம் வேலை முடிந்துவிடுகிறது. ஓய்ந்த மூவரும் 5, 6, 7ஆம் வேலைகளை எடுக்கிறார்கள். மூன்றாம் மணியில் முதல் ஆள் ஓய்கிறார். 8ஆம் வேலையும் தயார், 9ஆம் வேலையும் தயார். பட்டியலில் முந்தியது 8. ஆகவே அவர் அதை எடுக்கிறார். நீண்ட 9ஆம் வேலையைத் தொடங்க ஆறாம் மணி வரை எவரும் இல்லை. ஆறில் தொடங்கி ஒன்பது மணி நேரம் நடந்து அது 15ஆம் மணியில் முடிகிறது.

மூவர் 12 மணியில் முடித்ததை நால்வர் 15 மணியில் முடித்தனர்! எவரும் சோம்பியிருக்கவில்லை. விதியை எவரும் மீறவில்லை. அப்படியிருந்தும் கூடுதல் ஆளால் மூன்று மணி நேரம் நட்டம்.

பிழை எங்கே? முதல் வேலைக்கு 3 மணி, அதற்குப் பிறகே தொடங்கக்கூடிய 9ஆம் வேலைக்கு 9 மணி. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தாலே 12 மணி ஆகிவிடும். ஆயிரம் ஆட்கள் வந்தாலும் அதைக் குறைக்க முடியாது. கூடுதல் ஆள் வந்ததால் சிறிய வேலைகள் சீக்கிரம் தயாராகி, நீண்ட வேலைக்கு முன்னால் புகுந்துவிட்டன. பட்டியலில் 9ஆம் வேலையை முதலில் எழுதிவிட்டால் போதும், நால்வரும் 12 மணியில் முடித்துவிடுவார்கள்.

கிரகாம் மேலும் ஓர் ஆறுதலான உண்மையை மெய்ப்பித்தார். இந்த எளிய விதிப்படி பட்டியலை எப்படி எழுதினாலும், ஆகும் நேரம் மிகச் சிறந்த பங்கீட்டுக்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கைத் தொடாது. நான்கு செயலிகள் என்றால் அதிகபட்சம் ஒன்றே முக்கால் மடங்கு. இது 1966இல் கிடைத்த உறுதி.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 3 ஆட்களே இருக்கட்டும். ஆனால் 9 வேலைகளுக்கும் ஆகும் நேரத்தைத் தலா ஒரு மணி குறைத்துவிடுங்கள். அதாவது முதல் வேலைக்கு 2 மணி, 9ஆம் வேலைக்கு 8 மணி என்பதுபோல. நிபந்தனைகளும் விதியும் மாறவில்லை. எல்லா வேலையும் முடிய எத்தனை மணி ஆகும்? விடை கட்டுரையின் முடிவில் உள்ளது.

பக்கத்து வீடும் பக்கத்து ஊரும்

கிரகாமின் கணக்கில் எல்லா ஆட்களும் ஒரே மாதிரி. எந்த வேலையை எவரிடம் கொடுத்தாலும் ஆகும் நேரம் ஒன்றே. உண்மையான கணிப்பொறியில் இப்படி இருப்பதில்லை என்பதை அடுத்த கட்ட ஆய்வுகள் உணர்த்தின.

பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1970களில் இரண்டு பெரும் பொறிகளைக் கட்டினார்கள். முதலாவது சி.எம்.எம்.பி. என்பது. பி.டி.பி-11 வகைச் சிறு கணிப்பொறிகள் 16ஐ ஒரு பெரிய இணைப்புப் பலகையின் வழியே பொது நினைவகத்துடன் இணைத்தார்கள். செயலிகள் கூடக்கூட இந்த இணைப்புப் பலகை பூதாகாரமாக வளர்ந்தது. 16 செயலிகளை 16 நினைவகப் பகுதிகளுடன் இணைக்க 256 சந்திப்புகள் வேண்டும். செயலிகளையும் நினைவகப் பகுதிகளையும் இருமடங்காக்கினால் சந்திப்புகள் நான்கு மடங்காகும்.

ஆகவே சிஎம் ஸ்டார் என்ற இரண்டாவது பொறியில் வேறு வழியைக் கையாண்டார்கள். 50 செயலிகளைப் பத்துப் பத்தாக ஐந்து குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு செயலிக்கும் பக்கத்திலேயே சொந்த நினைவகம் உண்டு. மற்றவற்றின் நினைவகத்தையும் அது படிக்கலாம். ஆனால் அதற்கு ஆகும் நேரம் வேறுபடும். தன் சொந்த நினைவகத்தைப் படிக்க ஒரு பங்கு நேரம் என்றால், அதே குழுவிலுள்ள இன்னொன்றின் நினைவகத்தைப் படிக்க ஏறத்தாழ மூன்று பங்கு ஆயிற்று. வேறு குழுவில் உள்ளதைப் படிக்க ஏறத்தாழ ஒன்பது பங்கு.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். உப்பு தீர்ந்தால் அடுக்களையில் எடுப்பது ஒரு வகை. பக்கத்து வீட்டில் வாங்குவது ஒரு வகை. அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிப் போய் வாங்குவது வேறொரு வகை. ஒன்றோடொன்று அடிக்கடி பேசிக்கொள்ளும் பணிகளைத் தூரத் தூரமாகப் பிரித்து வைத்தால், அவற்றின் நேரமெல்லாம் பேருந்துப் பயணத்திலேயே கழியும். உறவுள்ள பணிகளை ஒரே குழுவுக்குள் வைக்க வேண்டும் என்ற பாடம் இங்கே பிறந்தது.

இருவர் இழுக்கும் ரம்பம்

இடம் மட்டும் பொருந்தினால் போதாது, நேரமும் பொருந்த வேண்டும் என்று கண்டவர்கள் அதே பொறிக்கு இயக்க முறைமை எழுதியவர்களே. மெடூசா என்ற அந்த முறைமையை ஜான் ஓஸ்டர்ஹவுட், டொனால்ட் ஸ்கெல்சா, பிரதீப் சிந்து ஆகிய மூவரும் 1980இல் உலகுக்கு விளக்கினார்கள். இவர்களில் பிரதீப் சிந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். பிற்காலத்தில் ஜூனிப்பர் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவரே.

பெரிய மரத்தை அறுக்கும்போது ரம்பத்தின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் பிடித்து இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆள் காலையிலும் இரண்டாம் ஆள் மாலையிலும் வந்தால் மரம் அறுபடுமா? ஆளுக்கு எட்டு மணி நேரக் கூலி கொடுத்தும் ஓர் அங்குலம்கூட அறுபடாது.

கணிப்பொறியிலும் இதுவே நடந்தது. ஒரே வேலையின் இரு பகுதிகளாகிய இரண்டு பணிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி விடைக்காகக் காத்திருக்கும். முதல் பணிக்குச் செயலி கிடைக்கும்போது இரண்டாவது பணி வரிசையில் நிற்கும். முதலாவது செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்து ஓய்ந்துவிடும். பிறகு இரண்டாவது வந்து விடை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். செயலிகள் ஓயாமல் பணி மாற்றிக்கொண்டே இருக்கும். வேலை மட்டும் நகராது.

மெடூசாவில் ஒரு வேலையின் எல்லாப் பகுதிகளையும் சேர்த்து ஒரு பணிப்படை என்று கருதினார்கள். இதை ஒட்டி ஓஸ்டர்ஹவுட் 1982இல் ஒரு முறையை விரிவாக ஆராய்ந்தார். ஒரு பணிப்படையைச் சேர்ந்த பணிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் செயலி கிடைக்கச் செய்வதே அந்த முறை. ஒரு படை வந்தால் முழுப் படையும் வரும். போனால் முழுப் படையும் போகும். இதைப் படை முறை என்றே நாம் அழைக்கலாம். பிற்காலத்தில் மீத்திறன் கணிப்பொறிகள் பலவற்றில் இது கையாளப்பட்டது.

மேசையைக் கலைக்காதே

மூன்றாவது பாடம் 1980களின் இறுதியில் வலுப்பெற்றது. செயலிகளின் வேகம் ஆண்டுதோறும் வளர்ந்தது. நினைவகத்தின் வேகம் அப்படி வளரவில்லை. ஆகவே ஒவ்வொரு செயலிக்கும் பக்கத்தில் கேஷ் எனப்படும் சிறிய விரைவு நினைவகத்தை வைத்தார்கள். அடிக்கடி தேவைப்படும் விவரங்களைச் செயலி இதில் எடுத்து வைத்துக்கொள்ளும்.

இதை ஓர் எழுத்தரின் மேசைக்கு ஒப்பிடலாம். ஒரு கோப்பைப் பார்க்கத் தொடங்கும்போது தேவையான காகிதங்களை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் பரப்பிக்கொள்கிறார். பாதி வேலையில் அவரை எழுப்பி, கோப்பை வேறொரு மேசைக்கு மாற்றினால் என்ன ஆகும்? அங்கே இருப்பவர் மீண்டும் எல்லாக் காகிதங்களையும் எடுத்துப் பரப்ப வேண்டும். பணியைக் காரணமின்றிச் செயலி விட்டுச் செயலி மாற்றுவதும் இப்படித்தான். மேசை காலியாக இருக்கிறது என்பதற்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. பழைய செயலியிடமே பணியைத் திரும்பக் கொடுப்பதுதான் பெரும்பாலும் நல்லது.

ஆக மூன்று விதிகள் கிடைத்துவிட்டன. உறவுள்ள பணிகளை அருகருகே வை. கூட்டாகச் செய்பவற்றைக் கூட்டாக ஓடவிடு. ஓரிடத்தில் இருந்த பணியை வீணாக இடம் மாற்றாதே. ஆனால் இவற்றுக்கிடையே சண்டை வரும். அருகருகே வைத்தால் ஓரிடத்தில் கூட்டம், வேறிடத்தில் காலி. காலியை நிரப்பப் போனால் மேசை கலையும். எல்லா வேலைக்கும் பொருந்தும் ஒரே தீர்ப்பு இல்லை.

அப்படியானால் தீர்ப்பு சொல்லும் பொறுப்பை யாரிடம் விடுவது? கார்னகி மெலனில் ரிச்சர்ட் ரஷீத் தலைமையில் உருவான மாக் என்ற இயக்க முறைமை இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. 1990இல் டேவிட் பிளாக் அதை விளக்கி எழுதினார். செயலிகளைத் தொகுதிகளாகப் பிரிக்கலாம். ஒரு செயலி ஒரு நேரத்தில் ஒரே ஒரு தொகுதியில்தான் இருக்கும். ஒரு தொகுதிக்கு ஒதுக்கப்பட்ட பணி அந்தத் தொகுதியின் செயலிகளில் மட்டுமே ஓடும். மற்றத் தொகுதிகளின் பக்கம் அது போகாது. முறைமையின் கரு இந்த வேலியைக் கட்டிக் காக்கும். எங்கே வேலி போடுவது, யாருக்கு எத்தனை செயலி என்ற முடிவை வெளியில் உள்ள வேறொரு நிரல் எடுக்கும். நிலத்தை அளந்து கல் நடுபவர் வேறு, யாருக்கு எவ்வளவு நிலம் என்று பங்கு சொல்பவர் வேறு என்பதுபோல.

காணாமல் போன வேகம்

இவை எல்லாம் ஏட்டுச் சுரைக்காயா, கறிக்கு உதவுமா என்று கேட்பீர்கள். 2003இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே ஆஸ்கி கியூ என்ற மீத்திறன் கணிப்பொறியை நிறுவியிருந்தார்கள். 2048 கணுக்கள், ஒவ்வொரு கணுவிலும் 4 செயலிகள், ஆக மொத்தம் 8192 செயலிகள். 2003 ஜூன் மாத உலகப் பட்டியலில் ஜப்பானின் எர்த் சிமுலேட்டருக்கு அடுத்து இரண்டாம் இடம் அதற்கு. ஆனால் சேஜ் என்ற முக்கியமான கணக்கீட்டை அதில் ஓட்டியபோது, எதிர்பார்த்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நேரம் ஆயிற்று. பாதி வேகம் எங்கோ காணாமல் போய்விட்டது. செயலிகளில் பழுதில்லை. நிரலில் பிழையில்லை. வலையமைப்பும் சரியாகவே இருந்தது.

பெட்ரினி, கெர்பிசன், பேக்கின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் துப்பறியத் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஒரு விசித்திரமான தடயம் கிடைத்தது. கணு ஒன்றுக்கு மூன்று செயலிகளை மட்டும் பயன்படுத்தியபோது வேகம் எதிர்பார்த்தபடி இருந்தது. நான்காவதையும் பயன்படுத்தினால்தான் தொல்லை. கணுக்களின் எண்ணிக்கை பெருகியபோது, நான்கு செயலிகளும் உழைத்ததைவிட மூன்று உழைத்ததே விரைவாக இருந்தது! கிரகாம் தாளில் காட்டியது 37 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாபெரும் பொறியில் வேறொரு காரணத்தால் நேருக்கு நேர் வந்து நின்றது.

காரணம் என்ன? ஒவ்வொரு கணுவிலும் இயக்க முறைமையின் சில்லறைப் பணிகள் ஓடிக்கொண்டிருந்தன. கணு நலமாக இருக்கிறதா என்று பார்ப்பது, குறிப்பு எழுதுவது போன்றவை. இவை எடுத்துக்கொண்ட நேரம் மிகச் சிறியது. நான்காவது செயலி சும்மா இருந்தால் அது இவற்றைக் கவனித்துக்கொள்ளும். நான்கும் கணக்கீட்டில் இறங்கிவிட்டால், ஒன்றை இடைமறித்துத்தான் சில்லறைப் பணி நடக்க வேண்டும்.

இந்தச் சிறு இடையூறு எப்படி வேகத்தையே பாதியாக்கும்? சேஜ் கணக்கீட்டில் ஒவ்வொரு படியின் முடிவிலும் எல்லாச் செயலிகளும் ஒன்றுக்கொன்று காத்திருந்து சேர்ந்தே அடுத்த படிக்குப் போக வேண்டும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு படியில் ஒரு செயலிக்கு இடையூறு வருவது ஆயிரத்தில் ஒரு தடவைதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரே செயலி என்றால் இது ஒரு பொருட்டே அல்ல. 8192 செயலிகள் என்றால், எதற்குமே இடையூறு இல்லாமல் ஒரு படி கடந்துபோவது பத்தாயிரத்தில் ஏறத்தாழ மூன்று தடவை மட்டுமே. மற்ற எல்லாப் படிகளிலும் யாரோ ஒருவர் தாமதிப்பார். அந்த ஒருவருக்காக மற்ற எல்லோரும் நிற்பார்கள். தேர் இழுக்கும்போது வடம் பிடித்தவர்களில் ஒருவர் அல்ல, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஒருவர் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தால் தேர் நிலைக்கு வருவது எப்போது?

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. தேவையற்ற சில்லறைப் பணிகளை நிறுத்தினார்கள். சிலவற்றை அடிக்கடி ஓடாமல் குறைத்தார்கள். 32 கணுக்கள் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் கனமான சில்லறைப் பணிகளை ஒரு கணுவில் ஒதுக்கி வைத்தார்கள். சேஜின் வேகம் இருமடங்கு ஆயிற்று. இதற்காக ஒரு புதிய செயலிகூட வாங்கவில்லை. வேலைப் பங்கீட்டைச் சீர்செய்ததன் மதிப்பு, அதே அளவான இன்னொரு மீத்திறன் கணிப்பொறியின் மதிப்பு என்றால் மிகையில்லை.

சராசரியின் சூழ்ச்சி

2000களில் இந்தப் பாடங்கள் பொதுப் பயனுக்கு வந்தன. லினக்ஸ் இயக்க முறைமையின் 2.4 பதிப்பு வரை எல்லாச் செயலிகளும் ஒரே வரிசையிலிருந்துதான் பணிகளை எடுத்தன. எத்தனை செயலிகள் இருந்தாலும் வரிசையைத் தொட ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் அனுமதி. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் ஒவ்வொரு செயலிக்கும் தனி வரிசை அமைந்தது. 2005இல் வந்த 2.6.12 பதிப்பில், பிரான்சின் புல் நிறுவனமும் அமெரிக்காவின் எஸ்.ஜி.ஐ. நிறுவனமும் உருவாக்கிய செயலித் தொகுதி முறை சேர்ந்தது. சிபியூசெட் என்பது அதன் பெயர். எந்தப் பணிகள் எந்தச் செயலிகளில் ஓடலாம், எந்த நினைவகப் பகுதியைப் பயன்படுத்தலாம் என்ற இரண்டையும் இதில் வரையறுக்கலாம். அப்போது எஸ்.ஜி.ஐ. நிறுவனம் நாசாவுக்குக் கட்டித் தந்திருந்த கொலம்பியா கணிப்பொறியில் தலா 512 செயலிகள் கொண்ட 20 பொறிகள் இருந்தன. இவ்வளவு பெரிய பொறியில் பல விஞ்ஞானிகளின் பணிகள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க வேலி வேண்டுமல்லவா?

கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய சிகுரூப் என்ற மேலும் பொதுவான குழு முறை 2008 ஜனவரியில் லினக்ஸில் இடம்பெற்றது. செயலித் தொகுதி முறையும் அதன் ஓர் உறுப்பாயிற்று.

சிக்கல் அத்துடன் தீர்ந்துவிட்டதா? இல்லை. 2016இல் ஓர் ஆய்வாளர் குழு 64 செயலிக் கருக்கள் கொண்ட பொறியில் லினக்ஸைச் சோதித்தது. பணிகள் வரிசையில் காத்திருக்கும்போதே சில கருக்கள் சும்மா இருப்பதைக் கண்டது. ஒரு காரணம் மிக எளியது. முறைமை கருக்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவின் சராசரிச் சுமையை இன்னொரு குழுவின் சராசரிச் சுமையோடு ஒப்பிட்டு வந்தது. ஒரு குழுவில் ஒரே ஒரு கரு மட்டும் பெரும் சுமை சுமந்தால் அக்குழுவின் சராசரி உயர்ந்துவிடும். அதே குழுவில் சும்மா இருக்கும் கருக்கள் அந்தச் சராசரிக்குப் பின்னால் மறைந்துவிடும். ஓர் ஊரில் ஒரு செல்வந்தர் இருந்தால், சராசரி வருமானக் கணக்கில் ஊரே செழிப்பாகத் தெரியும் அல்லவா? அதுபோலத்தான். சராசரிக்குப் பதிலாக, குழுவிலேயே மிகக் குறைந்த சுமையை ஒப்பிடும்படி ஆய்வாளர்கள் திருத்தினார்கள். குறை நீங்கியது.

உங்கள் சட்டைப் பையில்

இவை எல்லாம் எங்கோ பெரிய ஆய்வுக்கூடங்களில் நடப்பவை என்று எண்ண வேண்டாம். இன்றைய கைபேசிகள் பலவற்றில் எட்டுச் செயலிக் கருக்கள் உள்ளன. அவை எட்டும் ஒரே மாதிரி அல்ல. 2011இல் ஆர்ம் நிறுவனம் அறிவித்த முறைப்படி, வேகமான பெரிய கருக்கள் சில, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் சிறிய கருக்கள் சில என்று கலந்து வைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு முறைமை இவற்றைத் தொகுதிகளாகப் பிரித்துக் கையாளுகிறது. நீங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் செயலுக்குப் பெரிய கருக்களும் கிடைக்கும். பின்னணியில் ஓடுபவை பெரும்பாலும் சிறிய கருக்களுக்குள் அடங்கி நிற்க வேண்டும். இதற்குப் பயன்படுவது மேலே சொன்ன அதே செயலித் தொகுதி முறைதான். நீங்கள் பாடக் காணொளி பார்க்கும்போது, பின்னணியில் படங்கள் பதிவேறிக்கொண்டிருந்தாலும் திரை திக்கித் திணறாமல் இருப்பதற்கு இந்த வேலியும் ஒரு காரணம்.

ஆகவே அடுத்த முறை எட்டுக் கருக்கள், பத்துக் கருக்கள் என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது, எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவற்றுள் எவை பெரியவை, எவை சிறியவை, வேலையை அவற்றிடம் யார் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். கிணறு வெட்டும் கணக்கு தவறல்ல. ஆட்கள் ஒருவரையொருவர் எதிர்பார்க்காமல், இடித்துக்கொள்ளாமல் வேலை செய்தால் அந்த விகிதம் பொருந்தும். ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைப் பொறுத்து நிற்கும் இடங்களில் அது பொருந்தாது. கணிப்பொறியில் பெரும்பாலான வேலைகள் அத்தகையவையே.

இனி முன்னே கேட்ட கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு வேலையும் ஒரு மணி நேரம் குறைந்தும், மூவருக்கும் ஆகும் நேரம் 13 மணி. அதாவது வேலை குறைந்தபோது முன்னைவிட ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது! பட்டியலில் 9ஆம் வேலையை முதலில் எழுதிப் பாருங்கள். அதே மூவர் 10 மணியில் முடித்துவிடுவார்கள். உங்கள் தாளிலும் இந்த விடைகள்தான் வருகின்றனவா என்று சரிபாருங்கள்.